வீட்டு உரிமையாளரிடம் விலை சொல்வது எப்படி? பழைய வீடு வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பழைய தனி வீட்டை உரிமையாளரிடம் நேரடியாக வாங்கி, பழுது பார்த்து விற்கலாம் என்று நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?" என்பதுதான். அங்கிருந்து தொடங்கினால் வீடு அமைவது கஷ்டம். அமைந்தாலும் பத்திரப்பதிவு வரை போய்ச் சேராது. பேசி முடித்த வியாபாரம் கலைவதற்கு விலை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. அந்த விலை எப்படி வந்தது என்று விற்பவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய காரணம். மறுநாள் மச்சினர் வந்து "உங்களை நல்லா ஏமாத்திட்டான்" என்று சொன்னால், அவருக்குப் பதில் சொல்ல விற்பவரிடம் ஒன்றும் இருப்பதில்லை. மனசு மாறிவிடுகிறது.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் லாபம் உட்பட முழுக் கணக்கையும் உரிமையாளர் முன்னால் விரித்து வைக்க முடிகிற விலையை மட்டும் சொல்லுங்கள். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். தமிழ்நாட்டு நகரங்களில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் நிற்கும் பழைய வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அடுக்குமாடி வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் நடைமுறை வேறு.

முதல் சந்திப்பில் விலை பேச வேண்டாம்

இரண்டு தடவையாவது போக வேண்டும். முதல் தடவை பார்ப்பதற்கும் கேட்பதற்கும். இரண்டாவது தடவைதான் விலை.

போன் செய்யும்போதே நீங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுங்கள். "நாங்க குடியிருக்க வாங்கலைங்க ஐயா. வாங்கி, ரிப்பேர் பண்ணி விக்கிறதுதான் எங்க தொழில்" என்று சொல்லத் தயங்குபவர்கள் நிறைய. மகளுக்கு வீடு பார்க்கிறேன் என்று கதை கட்டுபவர்களும் உண்டு. அது அந்தத் தெருவிலேயே இரண்டு மாதத்தில் வெளியே வந்துவிடும். அப்புறம் அந்தப் பகுதியில் யாரும் உங்களிடம் வீடு காட்ட மாட்டார்கள்.

நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ராகுகாலம், எமகண்டத்தில் இப்படிப்பட்ட பேச்சைத் தொடங்க விரும்பாத வீடுகள் பல இருக்கின்றன. உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. நாலைந்து பேராகவும் போகாதீர்கள். வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஒரு கூட்டமாக நுழைந்தாலே அவர்கள் பயந்துவிடுவார்கள். கொடுக்கும் காபியைக் குடியுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பூஜை அறைக்குள் கேட்காமல் போகாதீர்கள்.

வீட்டைக் குறை சொல்லாதீர்கள். "இதை இடிச்சுட்டுத்தான் கட்டணும்" என்று நடுக்கூடத்தில் நின்று சொல்வதால் விலை குறையும் என்று சில புரோக்கர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தத் தேக்கு நிலைப்படியை அவர் அப்பா எந்த ஊரிலிருந்து வரவழைத்தார் என்று அவருக்குத் தெரியும். பழுதை நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்: மெட்ராஸ் டெரஸ் கூரையில் நீர்க்கசிவு, பழைய ஒயரிங், உப்புப் பூத்த சுவர், அடைத்துக்கொள்ளும் கழிவுநீர்க் குழாய். முடிந்தால் தெரிந்த மேஸ்திரி ஒருவரை மட்டும் உடன் அழைத்துப் போங்கள்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்விகள். ஏன் விற்கிறீர்கள், பணம் எப்போது வேண்டும், விற்ற பிறகு எங்கே போவீர்கள். வாங்குபவர்கள் பலரும் விலையிலேயே குறியாக இருந்துவிட்டு இவற்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணத்துக்குத் தை மாதத்துக்குள் பணம் வேண்டும். இன்னொருவருக்கு அவசரமே இல்லை, ஆனால் புது வீடு முடியும்வரை ஆறு மாதம் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விலையைச் சொன்னாலும் நீங்கள் முன்வைக்கும் ஏற்பாடு வேறு வேறாக இருக்க வேண்டும்.

யார் யார் கையெழுத்து?

இது தனியாகவே எழுத வேண்டிய விஷயம். வியாபாரம் அதிகமாக உடைவது இங்கேதான்.

பேசுபவர் மூத்த மகனாக இருப்பார். பத்திரம் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டி, அதாவது இறந்தவரின் தாயார், உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. பூர்விகச் சொத்து என்றால் 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மகளுக்கு மகனைப் போலவே உரிமை கொடுத்தது. தமிழ்நாட்டில் 1989லேயே அப்படி ஒரு திருத்தம் வந்தது, ஆனால் அதற்குள் கல்யாணமாகிப் போன மகள்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005 திருத்தத்தின்படி மகளுக்கு உரிமை கிடைக்க, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவ ஒண்ணும் கேட்க மாட்டா" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒன்று தங்கையும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால், அந்தப் பங்குக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். வழக்கறிஞரைக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து பவர் (தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நாட்களைக் கூட்டித்தான் உங்கள் காலக்கெடுவைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சந்திப்புக்குக் கையெழுத்துப் போடும் எல்லோரும் இருக்கட்டும். வெளியூரில் இருப்பவர் வீடியோ காலில் வரட்டும். தங்கை இருக்கும்போது சொன்ன விலையை அண்ணன் மாற்றிச் சொல்ல முடியாது. அண்ணன் இருக்கும்போது சொன்னதைத் தங்கை பிறகு சந்தேகப்படவும் வேண்டியதில்லை.

ஆவணம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கறிஞர் எப்படியும் பார்க்கப்போகிறார். ஆனால் விலை சொல்வதற்கு முன்னால் உங்களுக்கே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை (ஈ.சி.) பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் பாருங்கள். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கிய பதிவு இருந்தால், கடன் தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நகர நில அளவை எண் பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண்ணோடு பொருந்துகிறதா, அளவு சரியா என்று பாருங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி இருந்து, டேப் பிடித்தால் 1,130 வருவது நடக்கிற கதைதான்.

ஈ.சி.யில் வராத ஒன்று உண்டு: பதிவு செய்யாத ஒத்தி, அதாவது மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு குடிவைப்பது. குறிப்பாக மதுரைப் பக்கம் மாடிப் போர்ஷனை ஒத்திக்கு விட்டிருப்பார்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் குடியிருப்பவர் காலி செய்வார். "மாடில இருக்கறவங்க வாடகையா, ஒத்தியா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

கணக்கு

அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்கள் 70 சதவீத விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். பழுது பார்த்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 சதவீதத்தை எடுத்து, பழுதுச் செலவைக் கழித்தால் வருவதுதான் அதிகபட்ச விலை. இணையத்தில் பார்த்துவிட்டு அதை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். நம் ஊரில் பழைய வீட்டின் விலையில் பெரும்பங்கு மனைக்குத்தான். கட்டடத்துக்கு அதிகம் மதிப்பு கிடையாது. அந்த விதிப்படி கேட்டால் காலி மனை விலைக்கும் கீழே போய்விடுவீர்கள், உரிமையாளரும் எழுந்து போய்விடுவார். அதோடு பதிவுச் செலவு இங்கே பெரியது: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அதனால் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் கழிப்பதுதான் சரி.

ஒரு பேச்சுக்கு, பழுது பார்த்த பிறகு 80 லட்சத்துக்குப் போகக்கூடிய வீடு என்று வைத்துக்கொள்வோம். விற்கும்போது புரோக்கர் கமிஷன் 1 சதவீதம், 80,000 ரூபாய். பழுதுக்கு 9 லட்சம். விற்கும்வரை வட்டி, சொத்துவரி, மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 3.5 லட்சம். எதிர்பாராத செலவுக்கு 1 லட்சம். வழக்கறிஞர், பத்திர எழுத்தர் 30,000. உங்கள் லாபம் 8 லட்சம். இவ்வளவையும் கழித்தால் 57.4 லட்சம் மிஞ்சும். இது விலையும் பதிவுச் செலவும் சேர்ந்த தொகை. 1.09ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52.6 லட்சம் வருகிறது. ஆக, நீங்கள் சொல்லக்கூடிய விலை 52.5 லட்சம். லாபத்துக்கு வருமானவரி உண்டு என்பதையும் மனதில் வைத்துத்தான் அந்த 8 லட்சத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த விலையை வழிகாட்டி மதிப்போடு, அதாவது பதிவுக்காக அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்திருக்கும் மதிப்போடு, ஒப்பிடுங்கள். வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் முத்திரைத்தீர்வை அதன் மேல்தான் கணக்காகும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வருமானவரியிலும் சிக்கல்: அந்த வித்தியாசத் தொகை உங்களுக்கு வருமானமாகவே கருதப்படலாம், விற்பவருக்கும் அதிக மதிப்பின் மேல் மூலதன ஆதாய வரி விழலாம். வழிகாட்டி மதிப்பை விட வெகுவாகக் குறைத்து வாங்கி லாபம் பார்த்தேன் என்று சொல்பவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எழுத்தில் ஒரு பக்கம்

வாயால் மட்டும் விலை சொல்லாதீர்கள். ஒரே ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள். சட்ட மொழி வேண்டாம். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் புரிய வேண்டும்.

அதில் உங்கள் பெயர், முகவரி; வீட்டின் கதவு எண், சர்வே எண், அளவு; விலை, எண்ணிலும் எழுத்திலும். அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, பதிவு எத்தனை நாளுக்குள். பதிவுச் செலவு உங்களுடையது, பாக்கிச் சொத்துவரியும் மின்கட்டணமும் குடிநீர் வரியும் அவர்களுடையது என்பது. குடியிருப்பவரை யார் காலி செய்ய வைப்பது என்பது. எந்தப் பொருள்கள் வீட்டோடு வரும் என்பதையும் எழுதுங்கள்: மோட்டார், இன்வெர்ட்டர், ஃபேன், ஊஞ்சல். ஊஞ்சலுக்காகக் கடைசி நாளில் சண்டை வருவது உண்டு.

விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும். நம் உதாரணத்தில் அது 52,500 ரூபாய். இதை இப்போதே எழுதுங்கள். பதிவு நாளன்று "பணத்தைக் குறைச்சுட்டாங்க" என்று அவர் அதிரக்கூடாது. இது அவருடைய பான் கணக்கில் வரவாகும், அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விற்பவர்களில் வெளிநாட்டில் வாழ்பவர் இருந்தால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. பிடித்தம் அதை விடப் பல மடங்கு. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடைசியில் இரண்டு வரிகள். வழக்கறிஞர் பார்த்து உரிமையில் குறை சொன்னால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும். இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பது. பதினைந்து நாளாவது கொடுங்கள். "இன்னிக்கே சொல்லணும்" என்று நெருக்குவது வேண்டாம். அப்படி வாங்கிய சம்மதம் நிற்காது.

இரண்டு ஏற்பாடுகள் வைத்துப் பேசலாம். 45 நாளில் முழுப் பணம் என்றால் 52.5 லட்சம். ஆறு மாதம் கழித்துப் பதிவு, அதுவரை அவர்களே குடியிருக்கலாம் என்றால், அந்தக் காலத்துக்கு உங்களுக்கு வட்டி ஓடாது என்பதால் கொஞ்சம் கூட்டிக்கூடக் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், தேர்வுகள் கூடினால் குழப்பம்தான் கூடும்.

மேசையில் உட்கார்ந்து

காகிதத்தை எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, விலையிலிருந்து ஆரம்பிக்காமல் 80 லட்சத்திலிருந்து ஆரம்பியுங்கள். "ரிப்பேர் பண்ணி முடிச்சா இந்தத் தெருவுல இந்த வீடு 80க்குப் போகும்னு நினைக்கிறேன். அதுல எனக்கு ஆகற செலவு இதெல்லாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். லாபத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம். "இதுல எனக்கு நிக்கிறது எட்டு லட்சம் ரூபாய்ங்க. எட்டு மாசம் பணம் முடங்கும், நஷ்டமானா அது என் பாடு."

பெரும்பாலும் ஒரு அமைதி வரும். அதை நீங்கள் நிரப்ப வேண்டாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு உள்ள வேறு வழிகளையும் நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை என்றால் அவர்களே வெள்ளையடித்து, குடியிருக்க வாங்குபவருக்கு விற்றால் கூடக் கிடைக்கும். ஒரு கிரவுண்டு மனை, சாலையும் அகலம் என்றால் பில்டரிடம் கூட்டு ஒப்பந்தம் (மனை அவர்களுடையது, கட்டுவது பில்டர்) போட்டு, கட்டும் வீடுகளில் பாதியைத் தங்கள் பங்காகப் பெற்றுக்கொள்ளலாம். இதைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுவார்கள். போகக்கூடும்தான். ஆனால் கடனில் தவிக்கும் ஒருவரிடம், வேறு வழியே இல்லை என்று நம்பவைத்து வீட்டை எழுதி வாங்குவதை நான் தொழில் என்று சொல்ல மாட்டேன். வங்கி நோட்டீஸ் வந்த வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருங்கள்.

விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் சலுகை உண்டு. விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வாங்கலாம், மூன்று வருடத்துக்குள் கட்டலாம். இது தெரியாத பெரியவர்கள் நிறைய. ஆடிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பேரம்

"பக்கத்து வீடு 70க்குப் போச்சே!" கட்டாயம் இந்தப் பேச்சு வரும். மறுத்துப் பேசாமல், அந்த வீட்டின் அளவு, சாலை அகலம், கட்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். அதன் ஈ.சி.யில் பதிவான தொகை தெரியும், சேர்ந்தே பார்க்கலாம். நம் ஊரில் பதிவான தொகையே உண்மையான விலை என்று சொல்ல முடியாதுதான், ஆனால் பேச்சுக்கு ஒரு அடிப்படை கிடைக்கும்.

விலையை ஏற்றினால் கணக்கில் எந்த வரி மாறியது என்று காட்டி ஏற்றுங்கள். மேஸ்திரி இன்னொரு தடவை பார்த்து பழுதுச் செலவு 8 லட்சம்தான் என்று சொன்னால், அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கலாம். காரணமே இல்லாமல் இரண்டு லட்சம் ஏற்றினால், முதலில் காட்டிய கணக்கு பொய் என்று ஆகிவிடும். எதற்கு மேல் போக முடியாதோ அதை வீட்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

"பாதி கேஷா கொடுத்துடுங்க" என்று சிலர் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் 2015இலிருந்து தடுக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழுவது பணம் வாங்கிய அவருக்குத்தான். இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். உங்களுக்கும் நஷ்டம்தான்: ரொக்கமாகக் கொடுத்தது பத்திரத்தில் ஏறாது, நாளை நீங்கள் விற்கும்போது அதுவும் லாபமாகவே தெரியும்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்றால் காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தினமும் போன் செய்யாதீர்கள். ஆடியும் மார்கழியும் இடையில் வந்தால் பேச்சு அப்படியே நிற்கும். ஆவணியிலோ தையிலோ அவர்களே கூப்பிடுவதுண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

சரி என்று சொன்னால்

நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அது சிறு தொகையாக இருக்கட்டும், வங்கி மூலமாகவோ காசோலையாகவோ கொடுங்கள், ரசீது வாங்குங்கள். 10 சதவீத அட்வான்ஸை வழக்கறிஞர் மூலப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்து எழுத்தில் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும்.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் ஈ.சி.யிலும் ஏறிவிடும், இடையில் வேறு யாரும் தெரியாமல் வாங்க முடியாது. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கக் கிரையம் செய்யாமல், பொது அதிகாரப் பத்திரம் மட்டும் எழுதி வாங்கி அடுத்தவருக்குக் கைமாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. உரிமையாளர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் பொதுவாக அதோடு முடிந்துபோகும்.

ஒப்பந்தத்தில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டதும், நீங்கள் முதலில் கொடுத்த அந்த ஒரு பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். எதாவது மாறியிருந்தால் அன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பதிவுக்கு முந்தைய நாள் ஈ.சி.யை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.